தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை

எங்கட வாசிப்பு வட்டத்தில ஒருநாள் சும்மா ஒரு கேள்வி வந்தது. "நீங்கள் முதன்முதலா வாக்குப் போட்டது எப்ப?" ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வருடம் சொன்னோம். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. ஹட்டன் பக்கத்தில் இருந்து வாற எங்கட தோழி மட்டும் தன்ர கதையைச் சொல்லாமல் அப்பாயியின் கதையைச் சொன்னாள். அப்பாயி 1930இல் இலங்கையில்தான், ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முதன்முதலாக வாக்களித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

"அது பிரஜாவுரிமைச் சட்டம்தானே, தெரியும்" எண்டு எங்களில் ஒருத்தர் சொன்னார். உண்மைதான். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் அது இரண்டு மூன்று வரி. 1948, பிரஜாவுரிமைச் சட்டம், மலையக மக்கள் வாக்குரிமை இழந்தார்கள், அடுத்த பாடம். நாங்களும் அப்படித்தான் படிச்சுச் சித்தி அடைஞ்சம்.

ஆனால் அந்த இரண்டு வரிக்குள் ஒரு பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி தேர்தல் தொகுதிகளின் எல்லைக்குள் இருக்கிறது. அப்பாயிக்கு வாக்கு இல்லாமல் இருந்த அந்த வருடங்களிலும், தொகுதிகளைப் பங்கிட வந்தவர்கள் அவரை எண்ணாமல் விடவில்லை. அவருடைய தலையை எண்ணினார்கள். அந்தத் தலைக்குக் கிடைத்த ஆசனப் பங்கை வேறு ஆட்கள் தெரிவு செய்தார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

எல்லாருக்கும் வாக்கு, ஆனால்...

1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசு அது. அதற்கு முன்னர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்களிக்க முடிந்தது. சொத்து இருக்க வேண்டும், படிப்பு இருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் எல்லாரும் வாக்காளர் ஆனார்கள். ஆசியாவில் இது மிக முந்திய நிகழ்வு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டிய விசயங்களும் உண்டு. ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் எல்லாருக்கும் வாக்குரிமை கேட்டபோது, படித்த மேல்தட்டுத் தலைவர்கள் பலர் அதை விரும்பவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எதிர்த்தவர்களில் ஒருவர். படிக்காத, காணி இல்லாத, சாதியில் கீழே வைக்கப்பட்ட சனத்துக்கு வாக்கா என்பதுதான் அந்த எதிர்ப்பின் அடி. வாக்குரிமையைச் சிலருக்கு மட்டும் வைத்திருக்கும் ஆசை ஒரு இனத்துக்கு மட்டும் உரியது இல்லை. அதை முதலே சொல்லிவிட்டு மேலே போவம்.

மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு அந்த 1931 வாக்குரிமையும் முழுசாக வரவில்லை. அவர்கள் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அப்படி இருந்தும் 1931இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இடாப்பில் சேர்ந்தார்கள். 1939 அளவில் அது இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. ஹட்டன் தொகுதியில் இருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குப் போனார், அமைச்சரும் ஆனார். பிறகு அதே ஹட்டனில் இருந்து கோ. நடேசய்யர் போனார். இடாப்பு நீளநீள, அதைப் பார்த்துப் பயந்தவர்களும் கூடினார்கள். நிபந்தனைகளை இறுக்கினார்கள். அடுத்த சில வருடத்துக்குள் எண்ணிக்கை மறுபடி இறங்கியது.

75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று

1946இல் சோல்பரி அரசியலமைப்பு வந்தது. தொகுதிகளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அதில் ஒரு சூத்திரம் இருந்தது. விளங்கிக்கொள்ளக் கஷ்டம் இல்லை. ஒரு மாகாணத்தில் ஒவ்வொரு 75,000 ஆட்களுக்கும் ஒரு ஆசனம். அதற்கு மேலாக ஒவ்வொரு 1,000 சதுர மைல் நிலத்துக்கும் ஒரு ஆசனம். சனத்தொகையால் 70, பரப்பளவால் 25, மொத்தம் 95. அதோடு ஆறு நியமன உறுப்பினர்கள்.

பரப்பளவுக்கு ஏன் ஆசனம்? சனம் ஐதாக வாழும் இடங்களும் கொழும்பு மாதிரி நெருக்கமான இடங்களுக்கு முன்னால் அமுங்கிப் போகக் கூடாது எண்டு. சிறுபான்மையினர் கூடுதலாக வாழும் வடக்கு கிழக்குக்கும் இது உதவும், கண்டிப் பிரதேசத்துக்கும் உதவும். நல்லெண்ணம் இல்லை என்று சொல்ல முடியாது. சிதறி வாழும் சமூகங்களுக்கு இடம் கிடைக்கும்படி சில இடங்களில் பல அங்கத்தவர் தொகுதிகளும் உருவாகின. 95 உறுப்பினருக்கு 89 தொகுதிகள் வந்தது அப்படித்தான்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: "ஆட்கள்". வாக்காளர்கள் இல்லை, பிரஜைகள் இல்லை, ஆட்கள். குழந்தை, கிழவி, தோட்டத் தொழிலாளி, கடைக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். அது சரியான சொல்தான். ஒரு பிரதிநிதி தனக்கு வாக்களித்தவரை மட்டும் இல்லை, தன்ர பகுதியில் வாழும் எல்லாரையும்தான் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும். ஆனால் அந்த நியாயம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கு. எண்ணப்படுகிற ஆட்களில் வயது வந்தவர்களுக்கு வாக்கும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பிடுங்கினால் சூத்திரம் அப்படியே தலைகீழாகும்.

1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அந்தக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் என்று பதியப்பட்டவர்களைவிட இது கூட. 75,000க்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்தால் பத்து ஆசனத்துக்குரிய சனத்தொகை. சோல்பரி ஆணைக்குழு முன்னால் இருந்த கணிப்பில் இந்தியத் தமிழருக்கு 14 ஆசனம் வரை கிடைக்கலாம் என்று இருந்தது. 1947 தேர்தலில் கிடைத்தது ஏழு. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என்று ஏழு பேர் பாராளுமன்றத்துக்குள் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்தது.

1952 தேர்தலில் அந்த ஏழு, பூச்சியம் ஆனது.

ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால்

இடையில் நடந்தது மூன்று சட்டங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் முழுப் படம் தெரியாது.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். சுதந்திரம் கிடைத்த அதே வருடம் நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் காணாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத காலத்தில், லயத்தில் பிறந்த ஒருவர் தன்ர தகப்பனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவார்? எங்கட பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வா எண்டால் இதை வாசிக்கிற எங்களில் எத்தனை பேரால் கொண்டுபோக முடியும்?

இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. தொடர்ச்சியாக இத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனைகள். ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பம் போனது. கடைசியில் கிடைத்தது 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவுக்குத்தான்.

மூன்றாவது, அதே 1949இல் வந்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். இலங்கைப் பிரஜைக்கு மட்டும்தான் வாக்கு என்றது இதுதான். பாடப்புத்தகம் இதைச் சொல்வது குறைவு. ஆனால் இடாப்பில் இருந்து பெயர்களை வெட்டிய கத்தி இது.

இங்கே எங்கட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். சில கிழமைகளில் அமைச்சர் ஆனார். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். தமிழ்க் காங்கிரஸ் இதில் உடைந்தது, செல்வநாயகம் வெளியேறினார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. வடக்கு கிழக்கு அரசியலின் பெரிய பிளவு ஒன்றின் அடியில் மலையகத்தின் வாக்குரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எத்தனை தரம் நாங்கள் திரும்பிப் பார்த்தோம் என்பதை எங்களையே கேட்க வேண்டும்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒரு காவல் இருந்தது. ஒரு சமூகத்தவர் மீது மட்டும் மற்றவர்களுக்கு இல்லாத இயலாமையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க ஏலாது என்பது அதன் சாரம். அப்படியெண்டால் இந்தச் சட்டங்கள்?

கோடகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்ல தொகுதி இடாப்பில் தன்ர பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். பிரஜை இல்லை என்று மறுத்தார்கள். மேன்முறையீட்டைக் கேட்ட திருத்த அலுவலர், இந்தச் சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரண், பெயரைச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார். ஒரு அலுவலர் மட்டத்தில் அப்படி ஒரு துணிவு! 1951இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளுபடி செய்தது. வழக்கு இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அங்கேயும் தோல்வி.

காரணம் என்ன? உயர் நீதிமன்றத்தின் வாதப்படி, சட்டத்தின் வரிகளில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. பொதுவான நிபந்தனைதான் இருக்கிறது. பிரிவிக் கவுன்சில், யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான, நியாயமான வேலை என்றது. விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற 1949 சட்டம் வழி விட்டிருக்கிறதே என்பதையும் கணக்கில் எடுத்தது.

இந்தத் தீர்ப்பை நாங்கள் சேர்ந்து வாசித்தபோது எங்களுக்கு உறுத்தினது ஒன்றுதான். ஒரு சட்டம் யாரையும் பெயர் சொல்லிக் குறிக்காமலே, ஒரு சமூகத்தை மட்டும் துல்லியமாகப் போய்த் தாக்கலாம். வரிகளை மட்டும் வாசிக்கிறவருக்கு அது தெரியாது. அது யாருடைய வாசல்படியில் போய் விழுகிறது என்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். எல்லைக் கோடுகளும் அப்படித்தான். வரைபடத்தில் ஒரு கோட்டுக்கு இனம் இல்லை, மொழி இல்லை. தரையில் இருக்கு.

அந்த ஆசனங்கள் எங்கே போயின?

இப்ப கணக்குக்கு வருவம். விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம். இரண்டு மாகாணங்கள், ஒவ்வொன்றிலும் 7 இலட்சத்து 50 ஆயிரம் ஆட்கள். 75,000க்கு ஒன்று என்றால் இரண்டுக்கும் பத்துப் பத்து ஆசனம். முதலாவது மாகாணத்தில் எல்லாரும் பிரஜைகள். ஒரு ஆசனத்துக்குப் பின்னால் 75,000 பிரஜைகள். இரண்டாவது மாகாணத்தில் 3 இலட்சம் பேர் தோட்டத் தொழிலாளர், பிரஜாவுரிமை இல்லை. மிச்சம் நாலரை இலட்சம். ஆனால் ஆசனம் அதே பத்து. ஒரு ஆசனத்துக்குப் பின்னால் 45,000 பிரஜைகள்.

அதாவது இரண்டாவது மாகாணத்துப் பிரஜை ஒருவரின் வாக்கு, முதலாவது மாகாணத்துப் பிரஜையின் வாக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடப் பெறுமதி. அந்த மேலதிகப் பெறுமதி வாக்கில்லாத மூன்று இலட்சம் பேரின் தலையில் இருந்து எடுத்தது.

நிஜத்தில் நடந்ததும் இதே வகைதான். மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் வாக்கில்லாதவர்களின் எண்ணிக்கை, வாக்குள்ளவர்களின் பலத்தை ஊதிப் பெருப்பித்தது. வாக்கை எடுத்ததோடு அவர்களைச் சனத்தொகைக் கணக்கில் இருந்தும் எடுத்திருந்தால் அநியாயம் ஒரு மடங்கு. எண்ணிக்கையில் வைத்துக்கொண்டு வாக்கை மட்டும் எடுத்ததால் அது இரண்டு மடங்கு. அவர்களுடைய பங்கு காற்றில் கரைஞ்சு போகவில்லை, மற்றவர் கைக்கு மாறியது. அப்படிக் கூடின பலத்தோடு உட்கார்ந்த பாராளுமன்றம்தான் 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் யாழ்ப்பாணத்தைச் சுட்டது எங்களுக்குத் தெரியும். ஆசனக் கணக்கு எப்படி ஒரு பக்கம் சரிந்தது என்பதில் மலையகமும் இருக்கிறது என்பதை நாங்கள் அவ்வளவாக யோசித்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயி இந்தக் கோட்டைக் கீறவில்லை. தோட்டங்கள் வந்ததால் அவருடைய ஊருக்கும் நிலம் போனது, அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் நிலத்தை எடுத்தவர் தோட்டத் துரை. கணக்குத் தீர்த்தது கொழுந்து பறித்தவரிடம்.

கோடு மறுபடி மாறுது

1959இல் அரசியலமைப்பைத் திருத்தி எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 95இல் இருந்து 151 ஆனது. இந்த முறை சூத்திரத்தில் இரண்டு அளவுகோல். ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று முடிவெடுக்க மொத்தச் சனத்தொகை. மாகாணத்துக்குள் தொகுதிகளைப் பிரிக்கும்போது பிரஜைகளின் எண்ணிக்கை. வாசலில் டிக்கெட் எடுக்கும்போது எங்களையும் சேர்த்து எண்ணிவிட்டு, உள்ளே கதிரை போடும்போது எங்களை விட்டுவிடுகிற மாதிரி.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகள் பங்கிட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எந்த இடத்திலும் அந்த ஆட்களிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு வழி வாக்குத்தான், அது அவர்களிடம் இல்லை.

1970களின் நடுவில் இன்னொரு எல்லை நிர்ணயம். நுவரெலியா–மஸ்கெலியா என்று மூன்று அங்கத்தவர் தொகுதி ஒன்று உருவானது. 1977 தேர்தலில் அங்கே முதலாவதாகக் காமினி திசாநாயக்க, இரண்டாவதாக அநுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகத் தொண்டமான் வந்தார்கள். 1947இல் வென்ற ஒருவர் மக்கள் வாக்கால் மறுபடி பாராளுமன்றம் போக முப்பது வருடம் எடுத்தது. இடையில் அவர் இருந்தது நியமன உறுப்பினராக. 1977இல் வாக்காளர் கொஞ்சம் கூடினது உண்மை. ஆனால் அந்தத் தொகுதி ஒரு ஆள் தொகுதியாக வரையப்பட்டிருந்தால் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை. ஒரு கோடு கதவை மூடவும் செய்யும், திறக்கவும் செய்யும். அதுக்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

1986, 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் பிரஜாவுரிமைப் பிரச்சினை படிப்படியாக முடிந்தது. எங்கட தோழியின் அப்பாயி ஐம்பத்தெட்டு வயதில் வாக்குச் சாவடிக்குப் போனது அந்த 1988 சட்டத்துக்குப் பிறகு.

இப்ப உள்ள கணக்கு

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டு வந்தது. வாக்குரிமை மக்களின் இறைமையின் ஒரு பகுதி என்று 3ஆம் உறுப்புரை சொல்லுது. தேர்தல் சுதந்திரமாக, சமமாக, இரகசியமாக நடக்க வேண்டும் என்று 93ஆம் உறுப்புரை சொல்லுது. மாவட்டமே தொகுதி என்பதால் சின்னச் சின்னக் கோடுகளின் பலம் குறைந்தது. 225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து வாறார்கள். அதில் 36 ஆசனம் மாகாணத்துக்கு நாலு என்ற கணக்கில் நிரந்தரம். மிச்சம் 160 ஆசனத்தையும் இடாப்பில் உள்ள வாக்காளர் எண்ணிக்கைப்படி பங்கிடுகிறார்கள்.

இங்கே அளவுகோல் தலை இல்லை, இடாப்பு. அதன் விளைவை யாழ்ப்பாணத்தில் பார்க்கலாம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனம். 2010இல் 9. 2015இல் 7. 2024இல் 6. போர், இடப்பெயர்வு, புலம்பெயர்வு எல்லாம் அந்த இறங்குவரிசையில் இருக்கு. போன ஆட்கள் போனதுதான், அவர்களை எண்ண ஏலாது. ஆனால் ஒரு சமூகம் வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டதுக்கும் சேர்த்து அதன் பிரதிநிதித்துவம் குறைகிறது என்பதை வெறும் கழித்தல் கணக்காக மட்டும் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மலையகத்தில் கோடு வேறு வடிவத்தில் நின்றது. 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் தலா 2 இலட்சத்துக்கு மேல் சனம். அதே மாவட்டத்தில் கொத்மலை, வலப்பனை ஒவ்வொன்றிலும் ஒரு இலட்சம் அளவு, ஹங்குரான்கெத்தவில் அதற்கும் குறைவு. தோட்டத்துச் சனம் நிறைஞ்ச இடத்தில் ஒரு செயலகத்துக்கு இரண்டு மடங்கு வரிசை. பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு 2018இல்தான் அந்த இரண்டு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகள் வந்தன. அதுவரை தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கப் பிரதேச சபைச் சட்டமே தடையாக இருந்தது. 33ஆம் பிரிவு. அதுவும் 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்கு வாங்கலாம், பாதை போட ஏலாது. முப்பது வருடம் அப்படி ஓடியது.

மாகாண சபையின் கதை இன்னும் மோசம். 2017இல் தேர்தல் முறையை மாற்றிப் பாதித் தொகுதி, பாதி விகிதாசாரம் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். அதுக்குப் புதுத் தொகுதிகள் வேணும். எல்லை நிர்ணயக் குழு ஒன்று நாடு முழுக்க 222 தொகுதிகளை வரைந்து அறிக்கை கொடுத்தது. இந்த எல்லைகளால் தங்கட பிரதிநிதித்துவம் குறையும் என்று மலையக, முஸ்லிம் கட்சிகள் சொல்லின. 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எதிராக 139. ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புது முறைக்குத் தொகுதி இல்லை. வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். கிழக்குக்கு 2012இல். இப்ப இருபத்தைந்து வயதில் இருக்கிற ஒருத்தரும் மாகாண சபைக்கு வாக்களித்ததே இல்லை.

1949இல் வாக்கை எடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. இப்ப எல்லைகளை முடிவெடுக்காமல் விட்டாலே போதும். யாருடைய பெயரையும் இடாப்பில் இருந்து வெட்டத் தேவையில்லை.

எங்களுக்கு என்ன வேலை?

எல்லை நிர்ணயம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு நித்திரை வரும். வரைபடம், பரப்பளவு, வட்டார இலக்கம், வர்த்தமானி. அந்தச் சலிப்பைத்தான் நாங்கள் முதலில் விட வேண்டும். அந்த வர்த்தமானிதான், அடுத்த தேர்தலில் எங்கட தெருவின் இரண்டு பக்கமும் ஒரே பெட்டிக்குள் விழுமா வேறு வேறு பெட்டிக்குள் விழுமா எண்டதை முடிவெடுக்குது.

அடுத்த முறை ஒரு எல்லை நிர்ணயக் குழு மக்களிடம் கருத்துக் கேட்டால், கட்சிக்காரர் மட்டும் போகக் கூடாது. நாங்களும் போக வேணும். போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் நீளமானவை இல்லை. யாரை எண்ணுறீங்கள்? ஆட்களையா, பிரஜைகளையா, இடாப்பில் உள்ளவர்களையா? ஒரு சமூகம் கூடி வாழ்கிற இடத்தைக் கோடு ஏன் இரண்டாக வெட்டுது? சிதறி வாழ்கிற சமூகத்துக்குப் பல அங்கத்தவர் தொகுதி ஏன் இல்லை? மலையகத்துக்காக யாழ்ப்பாணத்தவரும், மன்னாருக்காக ஹட்டன்காரரும், சிங்களப் பகுதியில் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்ட கிராமத்துக்காக எல்லாரும் இதைக் கேட்டால், 1949இல் தனித்தனியாகப் போனது போல இனி ஆகாது.

அதற்கு முதல் இன்னும் சின்ன வேலை ஒன்று. இடாப்பில் பெயர் இருக்கா எண்டு பார்ப்பது. லயத்தில் ஒரு வீட்டுக்குத் தனி விலாசம் இல்லாமல், கடிதம் எல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகிற இடங்கள் இன்னும் இருக்கு. வேலைக்குக் கொழும்புக்கு வந்த பெடியன்களின் பெயர் இரண்டு இடத்திலும் இல்லாமல் போறதும் நடக்குது. கிராம உத்தியோகத்தரிடம் போய் ஒருதரம் கேட்டால் அரை மணித்தியாலம்.

எங்கட தோழியின் அப்பாயி இப்ப இல்லை. ஆனால் முதல் வாக்குக்குப் பிறகு ஒரு தேர்தலையும் அவர் தவற விட்டதில்லையாம். வாக்காளர் அட்டை வந்த அன்றே அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாராம், தேர்தல் நாள் காலையில்தான் எடுப்பாராம். யாருக்குப் போட்டீங்க அப்பாயி எண்டு கேட்டால் சொல்ல மாட்டாராம். "அது என்ர வாக்கு" எண்டு மட்டும் சொல்லுவாராம். ஐம்பத்தெட்டு வருடம் அவர் இந்த நாட்டில் வெறும் தலையாக எண்ணப்பட்டவர். அந்த இரகசியத்தை வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமையும் இருந்தது.